அணுத்துல்லிய உற்பத்தி – ஒரு சொல்லின் வரலாறு

அணுத்துல்லிய உற்பத்தி என்பது, ஒரு பொருளில் உள்ள ஒவ்வோர் அணுவும் வடிவமைப்பில் குறிக்கப்பட்ட இடத்தில், குறிக்கப்பட்ட பிணைப்புடன் அமையும்படி அப்பொருளைச் செய்வதாகும். நானோ தொழில்நுட்பம் பற்றிய பாடநூல்களிலும் செய்திகளிலும் விளம்பரங்களிலும் 'அணுத்துல்லியம்', 'அணு அளவிலான துல்லியம்' ஆகிய சொற்கள் அடிக்கடி வருகின்றன. ஆனால் எல்லா இடங்களிலும் அவை ஒரே பொருளைத் தருவதில்லை. மிகச் சிறியது, மிக மெல்லியது, மிக வழுவழுப்பானது என்பவற்றுக்கும் இதே சொல் வழங்கப்படுகிறது. இவை அனைத்தையும் ஒன்றாகக் கொண்டால், இத்துறையில் எது நடந்துவிட்டது, எது இன்னும் நடக்கவில்லை என்பது விளங்காது. இக்கட்டுரை அந்த வேறுபாட்டை வரலாற்றின் வழியே விளக்குகிறது.

அளப்பதும் எண்ணுவதும்

ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். சிலிக்கன் படிகத்தில் அடுத்தடுத்த இரண்டு அணுக்களின் மையங்களுக்கு இடையே உள்ள தொலைவு 0.235 நானோமீட்டர். ஆகவே ஒரு நானோமீட்டர் நீளத்தில் நான்கைந்து சிலிக்கன் அணுக்களே அடங்கும்.

பூக்கடையில் பூவை முழம் போட்டு விற்கிறார்கள். வெற்றிலையை எண்ணிக் கவுளியாகக் கட்டுகிறார்கள். முழம் கைக்குக் கை மாறும்; ஒரு விரற்கடை கூடுவதும் குறைவதும் உண்டு. வெற்றிலையிலும் ஒன்று குறையலாம், ஒன்று கூடலாம். ஆனால் கால் வெற்றிலை குறைகிறது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. முதலாவது அளத்தல், இரண்டாவது எண்ணுதல்.

இயந்திரப் பட்டறையின் வேலை முதல் வகையைச் சேர்ந்தது. ஒரு தண்டின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்று வரைபடத்தில் இருந்தால், 19.99 முதல் 20.01 வரை ஏற்றுக்கொள்ளலாம் என்றும் அருகிலேயே குறித்திருப்பார்கள். இவ்வாறு அனுமதிக்கப்படும் விலகலைப் பட்டறைகளில் 'டாலரன்ஸ்' என்பர். விலகலே இல்லாத தண்டு உலகில் இல்லை. விலகலைக் குறைத்துக்கொண்டே போகலாம், அவ்வளவுதான்.

அணுக்களின் வரிசை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 10 அணுக்கள் இருக்க வேண்டிய வரிசையில் 9 இருக்கலாம், 11 இருக்கலாம், 10.3 இருக்க முடியாது. வெப்பத்தால் அணுக்கள் அதிர்ந்துகொண்டிருந்தாலும், படிகத்தில் தமக்குரிய இடத்தைச் சுற்றியே அதிர்கின்றன. எனவே ஓர் அணு தன் இடத்தில் இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லிவிடலாம். இதனால் அணுத்துல்லியத்தை நானோமீட்டரில் அளப்பதைக் காட்டிலும், 'இத்தனை இடங்களுக்கு இத்தனை பிழைகள்' என்று எண்ணிச் சொல்வதே பொருத்தம்.

தங்க நானோதுகள்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 5 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு தங்கத் துகளில் ஏறத்தாழ 3,900 அணுக்கள் இருக்கும். அத்தகைய துகள்கள் கோடிக்கணக்கில் உள்ள ஒரு குப்பியில், ஒன்றைப் போலவே அணுவுக்கு அணு ஒத்த மற்றொன்றைக் காண்பது அரிது. ஒன்றில் 3,700 அணுக்கள் இருக்கும், இன்னொன்றில் 4,100 இருக்கும். இவை நானோபொருள்கள், ஆனால் அணுத்துல்லியம் உடையவை அல்ல. மாறாக, வேதியியலாளர்கள் கந்தகச் சேர்மங்களைக் கொண்டு உருவாக்கும் சில தங்கக் கொத்துகளில் ஒவ்வொன்றிலும் சரியாக 25 தங்க அணுக்கள் உள்ளன. 2007இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரோஜர் கார்ன்பெர்க்கின் குழுவினர் 102 தங்க அணுக்கள் கொண்ட கொத்தின் அமைப்பை அணுவுக்கு அணு கண்டறிந்தனர். அளவில் இவை எல்லாம் ஒன்றுக்கொன்று நெருக்கமானவையே. வேறுபாடு சிறுமையில் இல்லை. எண்ணிக்கை மாறாமையில் இருக்கிறது.

நாணயத்தின் தடிமனிலிருந்து நானோமீட்டர் வரை

உற்பத்தித் துல்லியத்தின் வரலாறு விலகலைக் குறைத்த வரலாறாகவே தொடங்கியது. ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தை வடிவமைத்தபோது, பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையே நீராவி கசிந்து வீணாயிற்று. பீரங்கிக் குழாய்களைத் துளையிடுவதற்கென ஜான் வில்கின்சன் 1774இல் காப்புரிமை பெற்ற முறையைத் தழுவிய துளையிடும் இயந்திரமே அதற்குத் தீர்வு தந்தது. 50 அங்குல விட்டமுள்ள உருளையில் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமனுக்கு மேல் இல்லை என்று வாட்டின் கூட்டாளியான மேத்யூ போல்டன் பாராட்டினார். அக்காலத்தில் அதுவே வியக்கத்தக்க துல்லியம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜோசப் விட்வொர்த் அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் உணரக்கூடிய அளவுக் கருவியைச் செய்தார். 1896இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் எட்வர்டு ஜோஹான்சன் ஒன்றோடொன்று ஒட்டவைத்து அளக்கும் எஃகு அளவுக் கட்டைகளை வகுத்தார். ஓரிடத்தில் செய்த உதிரிபாகம் வேறோர் இடத்தில் செய்த இயந்திரத்தில் பொருந்த வேண்டும் என்ற தேவையே இவற்றுக்கெல்லாம் தூண்டுகோல்.

இந்தத் தொடர்ச்சியில் வருபவர் ஜப்பானியப் பொறியாளர் நோரியோ தானிகுச்சி. டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர் 1974இல் ஒரு மாநாட்டுக் கட்டுரையில் 'நானோ தொழில்நுட்பம்' என்ற சொல்லை முதன்முதலாகப் பயன்படுத்தினார். ஓர் அணு அல்லது ஒரு மூலக்கூறு அளவில் பொருளைப் பிரித்தும் சேர்த்தும் உருமாற்றியும் வேலை செய்வதையே அவர் அச்சொல்லால் குறித்தார். இயந்திர வேலையின் துல்லியம் ஆண்டுதோறும் எவ்வாறு முன்னேறுகிறது என்பதை அவர் வரைகோடாக வரைந்து, 2000ஆம் ஆண்டளவில் அது 1 நானோமீட்டரை எட்டும் என்று 1983இல் கணித்தார்.

நானோ என்ற சொல் சிறிய பொருள்களைக் குறிக்கப் பிறந்ததன்று. துல்லிய வேலையைக் குறிக்கப் பிறந்தது. ஆயினும் தானிகுச்சியின் வரைகோடு அளக்கும் மரபின் வரைகோடே. அது கீழே இறங்கிக்கொண்டே வந்து அணுவின் வாசலில் நிற்கிறது. அதற்கப்பால் வேறு வகையான வேலை தேவைப்பட்டது.

ஃபைன்மனின் உரை

அந்த வேறு வகையைப் பற்றி முன்னரே பேசியவர் இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன். 1959 டிசம்பர் 29 அன்று கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டத்தில், அடித்தளத்தில் இன்னும் ஏராளமாக இடம் இருக்கிறது என்ற பொருள்படும் தலைப்பில் அவர் உரையாற்றினார். உரையின் பெரும்பகுதி சிறிதாக்குவதைப் பற்றியது. பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தின் 24 தொகுதிகளையும் 25,000 மடங்கு சுருக்கினால் ஒரு குண்டூசித் தலையில் எழுதிவிடலாம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். இறுதிப் பகுதியில்தான், அணுக்களை ஒவ்வொன்றாக நாம் விரும்பிய இடத்தில் வைப்பதை இயற்பியல் விதிகள் தடுக்கவில்லை என்ற கருத்தை முன்வைத்தார்.

அவர் அறிவித்த இரண்டு பரிசுகளின் கதை, சிறிதாக்குவதற்கும் அணுவை வைப்பதற்கும் உள்ள இடைவெளியைக் காட்டுகிறது. ஒவ்வொரு பக்கமும் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கே உள்ள மின்மோட்டாருக்கு 1,000 டாலர் என்றார். மறு ஆண்டே, 1960இல், வில்லியம் மெக்லெல்லன் என்ற பொறியாளர் அதைச் செய்துகொண்டு வந்தார். கடிகாரப் பட்டறைக் கருவிகளும் நுண்ணோக்கியும் பொறுமையும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. புதிய தொழில்நுட்பம் எதுவும் பிறக்கவில்லை. நூலின் ஒரு பக்கத்தை 25,000 மடங்கு சுருக்கி எழுதுவதற்கான இரண்டாம் பரிசை, ஸ்டான்ஃபோர்டு மாணவர் டாம் நியூமன் 1985இல் எலக்ட்ரான் கற்றையால் எழுதிப் பெற்றார். இரண்டும் அருஞ்செயல்களே. ஆனால் இரண்டிலும் எந்த அணு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை சொல்லும் கருவி மோட்டாரைச் செய்தவரிடம் இல்லை.

அணுவைத் தொட்ட ஊசி

அந்தக் கருவி 1981இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகருக்கு அருகே உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் உருவானது. கெர்டு பின்னிக், ஹைன்ரிக் ரோரர் ஆகிய இருவர் அமைத்த ஊடுருவல் நுண்ணோக்கியில் வில்லை இல்லை. அணுவளவு கூரான முனை கொண்ட ஊசி ஒன்று, பொருளைத் தொடாமல் ஒரு நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் அதன் மேல் வருடிச் செல்கிறது. குவாண்டம் விதிகளின்படி அந்த இடைவெளியைக் கடந்து சிறிதளவு மின்னோட்டம் பாயும். இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினால் மின்னோட்டம் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். இந்தக் கூர்மையான மாற்றத்தைக் கொண்டு மேற்பரப்பின் மேடுபள்ளங்களை அணுவுக்கு அணு வரைந்துவிடலாம். இதற்காக இருவருக்கும் 1986ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பாதி வழங்கப்பட்டது. மறுபாதி எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கிய எர்ன்ஸ்ட் ரஸ்காவுக்குக் கிடைத்தது.

பார்க்கும் கருவியே வைக்கும் கருவியாகவும் ஆயிற்று. 1989 நவம்பரில் கலிபோர்னியாவில் உள்ள ஐபிஎம் அல்மடன் ஆய்வகத்தில் டான் ஐக்லர், எர்ஹார்டு ஷ்வைட்சர் ஆகியோர் நிக்கல் பரப்பின் மீது 35 செனான் அணுக்களை ஊசி முனையால் இழுத்து வைத்து, தம் நிறுவனத்தின் மூன்றெழுத்துப் பெயரை எழுதினர். 1993இல் ஐக்லரின் குழு 48 இரும்பு அணுக்களைச் செப்புப் பரப்பில் வட்டமாக அடுக்கி, உள்ளே எலக்ட்ரான் அலைகள் எழுவதைப் படம் பிடித்தது.

ஃபைன்மன் சொன்னது நடந்தேவிட்டது என்று உலகம் கொண்டாடியது. கொண்டாட்டம் நியாயமே, ஆனால் இதை உற்பத்தி என்று சொல்ல முடியாது. செனான் அணுக்கள் வேதிப் பிணைப்பு எதுவும் இன்றி, மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிரில் பரப்பின் மீது இலேசாகத் தங்கியிருந்தன. சூடு ஏறினால் எழுத்து கலைந்துவிடும். அவை ஒரே அடுக்கில், ஒரே பரப்பில் இருந்தன. ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு பொருளாக ஆகவில்லை.

வேகமும் ஒரு கேள்வி. ஒரு மைக்ரோகிராம் சிலிக்கனில் ஏறத்தாழ 214 கோடி கோடி அணுக்கள் என்று எழுதினால் எண் மனத்தில் நிற்காது. எனவே காலமாக மாற்றிப் பார்க்கலாம். நொடிக்கு ஓர் அணு வீதம் வைத்தால், தூசியளவான அந்த ஒரு மைக்ரோகிராமைச் செய்து முடிக்க ஏறத்தாழ 68 கோடி ஆண்டுகள் ஆகும். நொடிக்குப் பத்து இலட்சம் அணுக்கள் வைத்தாலும் 680 ஆண்டுகள் வேண்டும்.

டிரெக்ஸ்லரும் ஸ்மாலியும்

அணுக்களை வேதிப் பிணைப்போடு சேர்த்து முழுப் பொருள்களையே கட்ட முடியுமா என்ற கேள்வியை எழுப்பியவர் எரிக் டிரெக்ஸ்லர். 1981இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில், உயிரணுக்களில் உள்ள புரதங்கள் மூலக்கூறு இயந்திரங்களாகச் செயல்படுவதால், அத்தகைய இயந்திரங்களை நாமும் வடிவமைக்கலாம் என்று அவர் வாதிட்டார். 1986இல் பொதுமக்களுக்காக எழுதிய நூலில், அணுக்களைச் சேர்த்துப் பொருள்களைக் கட்டும் 'சேர்ப்பி' இயந்திரங்களை விவரித்தார். அவை தம்மைத் தாமே பெருக்கிக்கொண்டு உலகையே அழித்துவிடக்கூடும் என்ற அபாயத்தையும் அதே நூலில் குறிப்பிட்டார். அந்த அச்சம்தான் மக்கள் நினைவில் அதிகம் நின்றது. 1992இல் கணக்கீடுகளுடன் கூடிய தொழில்நுட்ப நூலையும் அவர் வெளியிட்டார்.

அவரை எதிர்த்தவர் ரிச்சர்டு ஸ்மாலி. 60 கார்பன் அணுக்கள் பந்துபோல் அமைந்த ஃபுல்லரீன் மூலக்கூறைக் கண்டறிந்ததற்காக 1996இல் இருவருடன் சேர்ந்து வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் அவர். 2001இல் எழுதிய கட்டுரையில் அவர் இரண்டு தடைகளைச் சுட்டினார். அணுக்களைப் பற்றும் 'விரல்களும்' அணுக்களால் ஆனவை என்பதால் அந்தச் சிறு இடத்தில் அவை அடங்கா. இது பருத்த விரல் சிக்கல். பற்றிய அணு விரலிலேயே ஒட்டிக்கொண்டு, விட்ட இடத்தில் நிற்காது. இது ஒட்டும் விரல் சிக்கல்.

நொதிகளுக்கும் ரைபோசோமுக்கும் அத்தகைய விரல்கள் இல்லை, ஆயினும் அவை மூலக்கூறுகளைத் துல்லியமாகக் கட்டுகின்றன என்று டிரெக்ஸ்லர் பதிலளித்தார். அப்படியானால் உமது இயந்திரம் நொதிகளைப் போல நீரில் வேலை செய்யுமா, நீரில் செய்ய இயலாத எஃகையும் சிலிக்கனையும் எப்படிச் செய்யும் என்று ஸ்மாலி கேட்டார். இருவரின் கடிதங்களும் 2003 டிசம்பரில் அமெரிக்க வேதியியல் கழக இதழில் வெளியாயின. அதே மாதத்தில்தான் அமெரிக்காவின் நானோ தொழில்நுட்ப ஆய்வுச் சட்டம் கையெழுத்தாயிற்று.

இது இரண்டு அறிஞர்களின் சொற்போர் மட்டுமன்று. அரசு பெருந்தொகை ஒதுக்கும் நேரத்தில், நானோ தொழில்நுட்பம் என்பதன் பொருள் யாது என்ற வழக்கு அது. ஒதுக்கப்பட்ட பணத்தின் பெரும்பகுதி நானோதுகள்கள், பூச்சுகள், குழாய்கள், மின்னணுக் கருவிகள் ஆகியவற்றின் ஆய்வுக்குச் சென்றது. சொல்லின் பொருளும் 'நூறு நானோமீட்டருக்குக் குறைவான எதுவும்' என்ற அளவு வரையறையாக விரிந்தது. எண்ணும் துல்லியம் பின்னுக்குப் போயிற்று. டிரெக்ஸ்லர் தம் கருத்தைப் பிரித்துக் காட்ட 'அணுத்துல்லிய உற்பத்தி' என்ற பெயரைப் பின்னாளில் வலியுறுத்தியதற்கு இதுவே பின்னணி.

விவாதத்துக்கு இடையே ஆய்வகங்கள் சில சிறு விடைகளைத் தந்தன. 2003இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அணுவிசை நுண்ணோக்கியின் முனையால், மின்னோட்டம் இன்றி இயந்திர விசையால் மட்டுமே, சிலிக்கன் பரப்பிலிருந்து ஒரு சிலிக்கன் அணுவை எடுத்து, மறுபடி வைத்துக் காட்டினர். இது டிரெக்ஸ்லரின் முழுக் கனவை மெய்ப்பிக்கவில்லை. ஆனால் ஒட்டும் விரல் எல்லா இடத்திலும் தடையாகாது என்பதைக் காட்டியது. அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2006இல் அளித்த அறிக்கை நடுநிலையானது: கோட்பாட்டுக் கணக்கீடுகள் செய்ய இயலும்; ஆனால் இத்தகைய அமைப்புகள் எட்டக்கூடிய வேகத்தையும் பிழைவீதத்தையும் நம்பத்தகுந்த வகையில் இப்போது முன்னுரைக்க இயலாது என்பதே அதன் சாரம். பிழைவீதம் என்ற சொல் அங்கே இடம்பெற்றது கவனிக்கத்தக்கது.

சிலிக்கனில் ஓர் அணு

கணினிச் சில்லுத் துறைக்கு இக்கேள்வி வேறொரு வழியில் வந்தது. டிரான்சிஸ்டரில் சிலிக்கனோடு பாஸ்பரஸ் போன்ற வேற்றணுக்கள் சிறிதளவு கலக்கப்படுகின்றன. அவை எங்கே விழும் என்பது தற்செயல். பத்து இலட்சம் வேற்றணுக்கள் இருந்தால் ஏற்ற இறக்கம் ஆயிரம் அளவில், அதாவது 0.1 விழுக்காடாக இருக்கும். டிரான்சிஸ்டர் சுருங்கி வேற்றணுக்கள் 100 என்று ஆகும்போது ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 விழுக்காடு. பக்கத்துப் பக்கத்து டிரான்சிஸ்டர்களே ஒன்றுபோல் நடந்துகொள்ளா. பொருள் சிறிதாகும்போது சராசரி கைவிட்டுவிடுகிறது, எண்ணிக்கை தேவைப்படுகிறது.

இதற்கான ஒரு வழி இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜோசப் லைடிங் குழுவினரால் 1994இல் திறக்கப்பட்டது. சிலிக்கன் பரப்பை முதலில் ஹைட்ரஜன் அணுக்களால் மூடுகிறார்கள். பிறகு ஊடுருவல் நுண்ணோக்கியின் ஊசியால் வேண்டிய இடங்களில் மட்டும் ஹைட்ரஜனை நீக்குகிறார்கள். திறந்த இடங்களில் மட்டுமே பிற மூலக்கூறுகள் வந்து ஒட்டும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மிஷெல் சிம்மன்ஸ் குழுவினர் இம்முறையை வளர்த்தெடுத்தனர். ஹைட்ரஜன் நீக்கிய இடத்தில் பாஸ்பீன் வாயு ஒட்டுகிறது. சூடாக்கும்போது பாஸ்பரஸ் அணு சிலிக்கன் அணு ஒன்றை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்கிறது. அதன் மேல் மீண்டும் சிலிக்கன் படலம் வளர்க்கப்படுகிறது. 2012இல் ஒரே பாஸ்பரஸ் அணுவை மையமாகக் கொண்டு செயல்படும் டிரான்சிஸ்டரை அவர்கள் வெளியிட்டனர். செனான் எழுத்தைப் போலன்றி, இங்கே அணு வேதிப் பிணைப்போடு படிகத்துக்குள் நிலையாக இருக்கிறது.

ஆயினும் எல்லை இருந்தது. திறந்த இடத்தில் அருகருகே உள்ள சில சிலிக்கன் அணுக்களுள் எதனை பாஸ்பரஸ் வெளியேற்றும் என்பது ஊசியின் கையில் இல்லை. அது வேதிவினையின் தற்செயல். எனவே துல்லியம் 'படிகத்தின் ஓர் இடம் முன்னே பின்னே' என்ற அளவில் தரப்பட்டது. கருவியும் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில்தான் இயங்கியது. 1997இல் டெக்சாஸில் தொடங்கப்பட்ட சைவெக்ஸ் நிறுவனத்தின் வழிவந்த ஆய்வகம், இதே முறையில் எழுதும் கருவியை 2022இல் விற்பனைக்கு அறிவித்தது. அதன் எழுத்துப் புள்ளி 0.768 நானோமீட்டர். சிலிக்கன் பரப்பின் அணு வரிசைகளே அதற்குக் கட்டம் போட்ட தாளாக அமைகின்றன. துல்லியம் அங்கே ஊசியால் மட்டும் வருவதில்லை. படிகமே தரும் கட்டங்களாலும் வருகிறது.

வேதியியலும் உயிரும் செய்யும் துல்லியம்

ஊசியின்றியும் அணுத்துல்லியம் நிகழ்கிறது. ஒரு நீர் மூலக்கூறு மற்றொரு நீர் மூலக்கூறைப் போன்றதே. வேதியியலாளர் ஒரு மருந்து மூலக்கூறைத் தயாரிக்கும்போது ஒரு குடுவையில் கோடானுகோடி ஒத்த பிரதிகள் உருவாகின்றன. ஆனால் மூலக்கூறு பெரிதாகப் பெரிதாக இம்முறை கடினமாகிறது. 2010இல் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகமும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் பாலிமர் ஆய்வு நிறுவனமும் இணைந்து, சிறு மூலக்கூறுகளைத் தங்கப் பரப்பில் கோத்து, அகலம் அணுவுக்கு அணு மாறாத கிராஃபீன் நாடாக்களை உருவாக்கின. நீளம் மட்டும் நாடாவுக்கு நாடா வேறுபட்டது. அகலத்தில் அணுத்துல்லியம், நீளத்தில் இல்லை என்று இதைச் சொல்ல வேண்டும்.

உயிரணுவின் ரைபோசோம் இவ்வகையில் மிகப் பழைய தொழிற்சாலை. ஆர்.என்.ஏ. இழையில் உள்ள குறிப்பைப் படித்து, அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புரதம் ஆக்குகிறது. பாக்டீரியாவில் நொடிக்கு ஏறத்தாழ 20 அமினோ அமிலங்கள். இதன் அமைப்பை அணு அளவில் கண்டறிந்ததற்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கும் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருக்கும் 2009இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ரைபோசோமும் பிழை செய்கிறது. ஏறத்தாழ 10,000 அமினோ அமிலங்களுக்கு ஒன்று தவறிவிடும். 300 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் என்றால், நூற்றில் மூன்று பிரதிகளில் ஒரு பிழை இருக்கும். உயிரணு பிழையானவற்றைக் கண்டு அழிக்கவும் வழி வைத்திருக்கிறது. பிழையே இல்லாமை என்பதைவிட, பிழையைக் கணக்கில் கொண்டு நடத்துவதே இயற்கையின் வழி.

நெட்ரியன் சீமன் 1982இல் டி.என்.ஏ. இழைகளையே கட்டுமானப் பொருளாக்கலாம் என்று முன்மொழிந்தார். 2006இல் பால் ராத்மண்ட் நீண்ட டி.என்.ஏ. இழையைக் குறுகிய இழைகளால் மடித்து, 100 நானோமீட்டர் அளவில் சிரிக்கும் முகங்களை உருவாக்கினார். இங்கே ஒவ்வோர் அணுவின் பிணைப்பும் குறிப்பின்படியே உள்ளது. ஆனால் உருவம் வளையும், நெளியும். பிணைப்பில் துல்லியம் இருப்பதும் இடத்தில் துல்லியம் இருப்பதும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது.

அடுக்கு, பளபளப்பு, விளம்பர எண்

அணு அடுக்குப் படிவாக்கம் என்ற முறையை ஃபின்லாந்தின் டூமோ சுந்தோலா 1974இல் மின்னொளிர் திரைகளுக்காக உருவாக்கினார். சோவியத் நாட்டில் 1960களிலேயே இதை ஒத்த முறை ஆராயப்பட்டிருந்தது. இரண்டு வாயுக்களை மாற்றி மாற்றிச் செலுத்தும்போது, பரப்பு நிறைந்ததும் வினை தானே நின்றுவிடுகிறது. அதனால் சுற்றுகளை எண்ணிப் படலத்தின் தடிமனை அமைக்கலாம். 2007 முதல் இன்டெல் நிறுவனத்தின் 45 நானோமீட்டர் சில்லுகளில் ஹாஃப்னியம் சார்ந்த படலம் இம்முறையில் இடப்பட்டது. சுந்தோலாவுக்கு 2018இல் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. இம்முறையில் தடிமன் துல்லியமானது. ஆனால் படலத்துக்குள் எந்த அணு எங்கே என்பது பெரும்பாலும் ஒழுங்கற்றதே. அலுமினா படலத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.1 நானோமீட்டரே வளர்கிறது. அது ஒரு முழு அடுக்குகூட அல்ல.

இன்றைய சில்லுகளை அச்சிடும், 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியில் இயங்கும் கருவிகளின் ஆடிகளில், மேடுபள்ளம் சில பத்துப் பிக்கோமீட்டர் மட்டுமே என்பர். இது ஓர் அணுவின் விட்டத்தைவிடச் சிறியது. அணுக்களால் ஆன பரப்பு அணுவைவிட வழுவழுப்பாக இருப்பது எப்படி? அந்த எண் பரப்பு முழுவதற்குமான சராசரி. வகுப்பில் ஒரு மாணவர் சராசரியாக 3.4 பாடங்களில் தேறினார் என்பதைப் போல, அது தனித்தனி அணுவைப் பற்றிய செய்தி அல்ல.

'3 நானோமீட்டர்', '2 நானோமீட்டர்' என்று சில்லுகளுக்கு இடப்படும் பெயர்கள் இன்னும் விலகியவை. ஒரு காலத்தில் அவ்வெண் டிரான்சிஸ்டரின் உண்மையான ஓர் உறுப்பின் அளவாக இருந்தது. பின்னர் அது தலைமுறையைக் குறிக்கும் வணிகப் பெயராயிற்று. 3 நானோமீட்டர் என்று பெயரிட்ட சில்லில் அடுத்தடுத்த டிரான்சிஸ்டர் வாயில்களின் இடைவெளி 40 நானோமீட்டருக்கும் மேல்.

எதைக் கேட்க வேண்டும்

அணுத்துல்லியம் என்ற சொல்லைக் காணும் மாணவர் கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்:

• எதில் துல்லியம்? அணுவின் இடத்திலா, பிணைப்பிலா, எண்ணிக்கையிலா, தடிமனிலா?
• தரப்பட்ட எண் சராசரியா, தனித்தனி அணுவைப் பற்றியதா?
• எத்தனை இடங்களுக்கு எத்தனை பிழை?
• ஒருமுறை செய்து காட்டியதா, அதே பொருளை மறுபடியும் மறுபடியும் செய்ய முடிகிறதா?
• எந்த வெப்பநிலையில், எந்த வேகத்தில்?

இந்தக் கேள்விகளைக் கொண்டு பார்த்தால் இன்றைய நிலை தெளிவாகிறது. வேதியியல், சிறு மூலக்கூறுகளை மிகப் பெரும் எண்ணிக்கையில் அணுத்துல்லியத்துடன் செய்கிறது. ஊசி, சில அணுக்களையும் சில நூறு அணுக்களையும் வேண்டிய இடத்தில் வைக்கிறது. சில்லுத் தொழில், கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை அணுத்துல்லியம் இன்றியே, ஆனால் சராசரியில் மிக நுட்பமாகச் செய்கிறது. பெரிய பொருளை, மிகுந்த எண்ணிக்கையில், ஒவ்வோர் அணுவும் குறித்த இடத்தில் அமையும்படி செய்யும் தொழிற்சாலை இதுவரை கட்டப்படவில்லை. அதை நோக்கிய பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைச் சொல்லப்போவது நானோமீட்டர் எண் அல்ல. ஆயிரத்துக்கு, இலட்சத்துக்கு, கோடிக்கு எத்தனை பிழை என்ற கணக்கே.